பேனலில் யார் பெயரை எழுதுவது?

கேள்வி: வணக்கம் ஐயா. தென் மாவட்டத்தில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் தமிழ் உயராய்வுத் துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். என்னிடம் முதன்முதலாக முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தவர் இப்போது ஆய்வுச் சுருக்கம் கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டார். பாண்டிய நாட்டுக் கல்வெட்டுகளில் ஏரி, கண்மாய் நிர்வாகம் பற்றிய ஆய்வு, தமிழில் எழுதியிருக்கிறார். ஆய்வேட்டை மதிப்பிடும் தேர்வாளர் பட்டியல் (பேனல்) கொடுக்க வேண்டும். துறையில் மூத்தவர் ஒருவர், 'நம்ம ஆட்கள் பெயரைப் போடுங்கள், இருபது நாளில் ரிப்போர்ட் வந்துவிடும்' என்கிறார். ஆய்வாளரோ தானே மூன்று பெயர்களை எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். அதில் ஒருவரிடம் போனில் பேசியும் விட்டாராம். இந்தத் தலைப்பில் நன்றாக எழுதியிருக்கும் பேராசிரியர் ஒருவர் உண்டு. ஆனால் எங்கள் ஆய்வேட்டின் நான்காம் இயல் அவருடைய கருத்தைத்தான் மறுக்கிறது, அதனால் அவர் பெயரைப் போடப் பயமாக இருக்கிறது. வெளிநாட்டுத் தேர்வாளருக்கு எங்கே போவது என்றும் தெரியவில்லை. வழி சொல்லுங்கள். (பெயர் வேண்டாம்)

பதில்:

வணக்கம் அம்மா.

போன் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் ஆய்வாளர் யாரிடம் பேசினாரோ அவர் பெயர் பட்டியலில் வரக் கூடாது. அவர் எவ்வளவு விஷயம் தெரிந்தவராக இருந்தாலும் சரி, 'அனுப்பி வைங்க, பார்த்துக்கலாம்' என்று அன்பாகச் சொல்லியிருந்தாலும் சரி (அப்படிச் சொல்லியிருந்தால் கட்டாயம் எடுத்துவிடுங்கள்). அதற்காக அந்தப் பிள்ளையைத் திட்டவும் வேண்டாம், சுற்றி நடப்பதைப் பார்த்துத்தானே செய்திருக்கிறார். 'நீயே நாலு பேரைப் பிடிச்சு பயோடேட்டா வாங்கிட்டு வா' என்று ஆய்வாளரையே அனுப்பிவிடுகிற நெறியாளர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அந்த ஆய்வாளரும் பழப்பையும் சால்வையுமாக ஊர் ஊராகப் போய், தன் ஆய்வேட்டை மதிப்பிடப்போகிறவருக்கு முன்கூட்டியே ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருகிறார். பி.ஏ. முதலாண்டு மாணவர் தன் விடைத்தாளைத் திருத்தப்போகிறவரைத் தேடிப் போய்ப் பார்த்தால் நாம் சும்மா விடுவோமா? முனைவர் பட்டத்தில் மட்டும் அது மரியாதை என்று பெயர் வாங்கிவிட்டது.

மீதி இரண்டு பெயர்களைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. ஏன் இவர்களை எழுதினாய் என்று கேளுங்கள். 'இவருடைய கட்டுரையைத்தான் மூன்றாம் இயல் முழுக்கப் பயன்படுத்தியிருக்கிறேன்' என்பது நல்ல காரணம், அவரை நீங்கள் தனியாக விசாரித்துப் பார்க்கலாம். 'இவர் கேள்வி கேட்க மாட்டாராம்' என்று பதில் வந்தால் அதோடு சரி. அப்புறம், யார் வேண்டாம் என்று கேட்பதும் முக்கியம். ஆஸ்திரேலியாவில் பல பல்கலைக்கழகங்களில், இன்னார் எனக்குத் தேர்வாளராக வர வேண்டாம் என்று காரணத்தோடு எழுதித்தர மாணவருக்கு இடம் உண்டு. நம்மூரில் அப்படிப் படிவம் கிடையாது என்றாலும், பழைய நெறியாளரோடு தகராறு, கருத்தரங்கில் நடந்த வாக்குவாதம், வேலைக்கான நேர்காணலில் ஏற்பட்ட கசப்பு என்று உங்களுக்குத் தெரியாத கதை ஏதாவது இருக்கலாம். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முடிவு உங்களுடையது, இறுதிப் பட்டியலில் யார் இருக்கிறார்கள் என்பது ஆய்வாளருக்குத் தெரிய வேண்டியதில்லை.

சரி, விதி என்ன சொல்கிறது? பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட முனைவர் பட்ட விதிமுறைகளின்படி, ஆய்வேட்டை நெறியாளரும் குறைந்தது இரண்டு புறத்தேர்வாளர்களும் மதிப்பிட வேண்டும். அந்த இருவரும் பட்டம் தரும் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்களாக இருக்கக் கூடாது, அந்தத் துறையில் நல்ல வெளியீடுகள் உள்ளவர்களாக இருக்க வேண்டும், முடிந்த இடத்தில் ஒருவர் இந்தியாவுக்கு வெளியே இருந்து வர வேண்டும். இதற்கு மேல் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் பங்குக்குச் சேர்த்துக்கொள்கிறது. எத்தனை பெயர் தர வேண்டும், இணைப் பேராசிரியருக்குக் கீழே இருப்பவர் ஆகுமா ஆகாதா, எத்தனை பேர் வெளிமாநிலமாக இருக்க வேண்டும், ஓய்வு பெற்றவர்களை ஏற்பார்களா என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். ஆகவே பக்கத்துக் கல்லூரி நண்பரிடம் கேட்காமல், உங்கள் பல்கலைக்கழகத்தின் இப்போதைய ஆய்வு விதிமுறையை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள். நீங்களும் நானும் படித்த காலத்து விதி இப்போது இல்லை.

நீங்கள் ஒரு பட்டியல் தருகிறீர்கள், அதிலிருந்து துணைவேந்தர் இருவரைத் தேர்ந்தெடுக்கிறார். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் இதற்குள் இருக்கிற ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. 'முதல் இரண்டு மூன்று பெயரைத்தான் டிக் அடிப்பார்கள்' என்று நினைத்துக்கொண்டு, மேலே நல்ல பெயர்களைப் போட்டுவிட்டுக் கீழே எண்ணிக்கைக்காக யாரையாவது எழுதி நிரப்புவார்கள். டிக் எங்கே விழும் என்று யாருக்குத் தெரியும்? அதுவும் போக, தேர்வாளர் ஒருவர் ஆய்வேட்டை நிராகரித்தால் அது மாற்றுத் தேர்வாளர் ஒருவருக்குப் போகும், அவரும் அதே அனுமதிக்கப்பட்ட பட்டியலில் இருந்துதான் வருவார். அந்த மாற்றுத் தேர்வாளர் ஏற்றுக்கொண்டால் வாய்மொழித் தேர்வு நடக்கும். அவரும் நிராகரித்தால் ஆய்வேடு நிராகரிக்கப்பட்டதாகிவிடும். சிக்கல் வந்தால் உங்கள் ஆய்வாளரின் தலையெழுத்தைத் தீர்மானிக்கப்போவது, கடைசி வரியில் நீங்கள் ஒப்புக்கு எழுதிய ஆளாகவும் இருக்கலாம். ஆக, எந்தப் பெயர் வந்தாலும் 'பரவாயில்லை, படித்துவிட்டுச் சொல்வார்' என்று நிம்மதியாக இருக்கிற மாதிரி முழுப் பட்டியலையும் போடுங்கள்.

உங்கள் மூத்தவர் சொன்ன 'நம்ம ஆட்கள்' யோசனைக்கு வருகிறேன். இருபது நாளில் ரிப்போர்ட் வரும் என்பது உண்மைதான். அதில் என்ன இருக்கும் என்பதையும் சொல்கிறேன், நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். 'ஆய்வாளர் அரிதின் முயன்று தரவுகளைத் திரட்டியுள்ளார். இயல் பகுப்பு செம்மையாக அமைந்துள்ளது. பின்னிணைப்புகள் ஆய்வேட்டுக்கு வலுச் சேர்க்கின்றன. ஆங்காங்கே உள்ள எழுத்துப் பிழைகளைக் களைந்து நூலாக வெளியிடலாம். முனைவர் பட்டம் வழங்கப் பரிந்துரைக்கிறேன்.' ஏரி பற்றிய ஆய்வேட்டுக்கும் இதுதான், சிற்றிதழ்ச் சிறுகதை பற்றிய ஆய்வேட்டுக்கும் இதுதான். தலைப்பையும் பெயரையும் மாற்றினால் போதும். வாய்மொழித் தேர்வில் ஆய்வாளர் பதில் சொல்ல வேண்டியதே தேர்வாளர் அறிக்கையில் எழுப்பப்பட்ட விமர்சனங்களுக்குத்தான். அறிக்கையில் ஒன்றுமே இல்லையென்றால் வாய்மொழித் தேர்வு என்பது பொன்னாடை, பாராட்டுரை, பிரியாணி என்று ஒரு மதியப் பொழுதாகப் போய்விடுகிறது.

இதில் உங்களுக்கு ஒரு கடனும் ஏறுகிறது. இன்று உங்கள் ஆய்வாளருக்கு இருபது நாளில் எழுதித் தந்தவர், நாளைக்குத் தன் ஆய்வாளரின் ஆய்வேட்டை உங்களுக்கு அனுப்புவார். அதில் பக்கம் பக்கமாக வேறொருவர் எழுத்து இருந்தாலும் நீங்கள் வாய் திறக்க முடியாது. உதவிப் பேராசிரியராக இருக்கும்போதே இந்தச் சுழலில் கால் வைத்துவிட்டால் ஓய்வு பெறும்வரை வெளியே வர முடியாது. பட்டம் கிடைத்தபின் ஆய்வேடு, இந்திய ஆய்வேடுகளைத் திரட்டி வைக்கும் சோத்கங்கா தளத்தில் ஏறிவிடும், உங்கள் பெயர் நெறியாளர் என்று முகப்பிலேயே இருக்கும். காரைக்குடியில் இருப்பவரும் படிக்கலாம், கனடாவில் இருப்பவரும் படிக்கலாம். தேர்வாளர் முன்பே சுட்டிக்காட்டியிருந்தால் திருத்தியிருக்கக்கூடிய பிழை அங்கே காலம் முழுக்கக் கிடக்கும்.

இன்னொன்று. இந்தியாவில் நெறியாளரும் மதிப்பீட்டாளர்களில் ஒருவர். பிரிட்டனில் பொதுவாக நெறியாளர் தேர்வாளராக இருக்க முடியாது. அங்கே அகத்தேர்வாளர், புறத்தேர்வாளர் என்று இருவர் வருவார்கள், நெறியாளருக்கு அந்த அறையில் இடம் இருந்தாலும் வாயைத் திறக்காமல்தான் உட்கார வேண்டும். நாம் நம் பிள்ளைக்கு நாமே மதிப்பெண் போடுகிற ஏற்பாட்டில் இருக்கிறோம். அதனால் வெளியிலிருந்து வருகிற அந்த இருவரும் உண்மையாகவே வெளியாட்களாக இருப்பது இங்கே கூடுதலாகத் தேவைப்படுகிறது.

'ஆனால் கல்வெட்டுத் துறை சின்னது, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியுமே' என்பீர்கள். சரிதான். கருத்தரங்கில் பார்த்துப் பேசியவர், ஒரு தடவை ஈமெயிலில் சந்தேகம் கேட்டவர் எல்லாரையும் ஒதுக்கினால் ஆளே கிடைக்காது. நான் ஒதுக்கச் சொல்வது இவர்களை: உங்களுடைய நெறியாளர், அவரிடமே உங்களோடு படித்தவர்கள், உங்களோடோ உங்கள் ஆய்வாளரோடோ சேர்ந்து கட்டுரை எழுதியவர்கள், ஆய்வுக் குழுவில் உட்கார்ந்தவர், ஆய்வாளரின் நூலுக்கு அணிந்துரை தந்தவர், இப்போது யாருடைய ஆய்வாளருக்கு நீங்கள் தேர்வாளராக இருக்கிறீர்களோ அவர், உறவுக்காரர்கள். உங்கள் ஆய்வாளருக்கு இது புதிதாகவும் இருக்காது. உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டில் ஏரி வாரியத்துக்குக் குடவோலையில் பெயர் போடுகிற விதி இருக்கிறதே, அதில் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரை மட்டுமா விலக்கினார்கள், அவருடைய சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மாமன் மக்கள், மருமகன் என்று சொந்தபந்தம் மொத்தத்தையும் அல்லவா வரிசையாக எழுதி விலக்கி வைத்தார்கள்! பத்தாம் நூற்றாண்டில் ஏரிக்கரை ஆட்களுக்குத் தெரிந்திருந்தது. நமக்குப் படிவத்தில் 'நெருங்கிய தொடர்பு இல்லை' என்று ஒரு கட்டம்.

சரி, யாரைத் தேடுவது? உங்கள் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். இதில் இரண்டு விதமான அறிவு வேண்டும். ஒன்று கல்வெட்டு படிக்கிற கண். ஆய்வாளர் தென்னிந்தியக் கல்வெட்டுகள் 14-ஆம் தொகுதியில் இருக்கும் பாண்டியர் கல்வெட்டுகளை எடுத்தாண்டிருப்பார். அந்தப் பாடத்தை அச்சில் இருக்கிறபடி எடுத்தாரா, சிதைந்த இடத்தைத் தானே நிரப்பிவிட்டாரா, கல்வெட்டு ஆண்டறிக்கையில் இருக்கிற ஒரு வரிச் சுருக்கத்தையே கல்வெட்டு வாசகம் என்று நம்பி மேற்கோள் காட்டினாரா என்பதெல்லாம் கல்வெட்டோடு பழகியவருக்குத்தான் கண்ணில் படும். இன்னொன்று நீர்ப்பாசனம் தெரிந்த கண். 'குமிழி' என்று கல்வெட்டில் வந்தால் அகராதியைப் பார்த்து 'நீர் வெளியேறும் வழி' என்று எழுதிவிட்டுப் போகிற ஆய்வேடுகள் உண்டு. குமிழித் தூம்பைக் கண்மாய்க்குள் இறங்கிப் பார்த்தவர் அப்படி விட மாட்டார். கரையிலிருந்து தள்ளி உள்ளே நிற்கிற இரண்டு கல்தூண், அதன் அடியில் கல்தொட்டி, அதில் தண்ணீருக்கு ஒரு துளை, சேற்றுக்கு வேறு துளை, அடைப்பைத் திறக்கத் தண்ணீருக்குள் மூழ்குகிற மனிதர் என்று விசாரித்துவிட்டு, 'நீங்கள் சொல்கிற ஊரில் அந்தத் தூம்பு இன்னும் நிற்கிறதா, போய்ப் பார்த்தீர்களா, நீராணிக்கம் (கண்மாய் நீர்ப் பங்கீடு) பார்ப்பவர் யாரையாவது கண்டு பேசினீர்களா?' என்று கேட்பார். அந்த ஒரு கேள்வியில் ஓர் இயல் நிற்கும், அல்லது விழும்.

இந்த இரண்டு கண்ணும் ஒரே ஆளிடம் இருப்பது அபூர்வம். அதனால் பட்டியலில் பாதிப் பேர் கல்வெட்டுக்காரர்கள், பாதிப் பேர் பாசன வரலாறு பார்த்தவர்கள் என்று கலந்து போடுங்கள். தமிழ்த் துறை ஆய்வேடு என்பதால் தமிழ்ப் பேராசிரியர்களை மட்டுமே போட வேண்டும் என்று சில அலுவலகங்களில் வாய்ப்பேச்சாகச் சொல்வார்கள். எழுத்தில் அப்படி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வரலாற்றுத் துறை, தொல்லியல் துறை ஆட்களையும் சேர்த்து, பக்கத்திலேயே 'ஆய்வேட்டின் 2, 3-ஆம் இயல்கள் இவர் துறை சார்ந்தவை' என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

ஆளைத் தேட நல்ல இடம் உங்கள் ஆய்வாளரின் துணைநூற் பட்டியலே. யாருடைய எழுத்து அடிக்குறிப்பில் திரும்பத் திரும்ப வருகிறதோ அவர்களில் இன்று பணியில் இருப்பவர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் இன்ஃபிளிப்நெட் நடத்துகிற, கல்வியாளர் விவரங்களைத் தொகுத்து வைத்திருக்கும் வித்வான் தளத்தில் துறை வாரியாகத் தேடலாம். சோத்கங்காவில் ஒரு காரியம் செய்யலாம், பலர் செய்வதில்லை. நீங்கள் யோசிக்கும் பேராசிரியர் நெறிப்படுத்திய ஆய்வேடுகளில் இரண்டு மூன்றை எடுத்துப் பாருங்கள். அடிக்குறிப்பு ஒழுங்காக இருக்கிறதா, இயலுக்கு இயல் வாதம் நகர்கிறதா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். தன் ஆய்வாளரிடம் கேட்காததை உங்கள் ஆய்வாளரிடம் மட்டும் புதிதாகக் கேட்டுவிடப்போவதில்லை. கையோடு நன்றியுரைப் பக்கத்தையும் படியுங்கள். யார் யாருக்கு வேண்டப்பட்டவர், எந்த வட்டம் எங்கே சுற்றுகிறது என்கிற முழு வரைபடமும் அந்த இரண்டு பக்கத்தில் இருக்கும். அதே போல உங்கள் ஆய்வாளரின் நன்றியுரையையும் ஒரு தடவை படித்துவிடுங்கள். பட்டியலில் இருக்கிற ஒருவருக்கு அதில் 'கண்ணின் மணியெனக் காத்து வழிகாட்டிய' என்று நன்றி போட்டிருந்தால் அவரைப் பட்டியலில் இருந்து எடுங்கள். நன்றியை எடுக்க வேண்டாம், அது உண்மையாக இருக்கலாம்.

பெரிய பெயர்கள் மேல் ஆசை வரும். முதல் ஆய்வேடு, முகப்பில் சொல்லிக்கொள்ளலாம் என்று. என் அபிப்பிராயம், அவர்களில் படிக்க நேரம் உள்ளவர்கள் மிகக் குறைவு. மேசையில் ஆய்வேடுகள் அடுக்கடுக்காக இருக்கும், சிலர் தன்னிடம் ஆய்வு செய்கிற மாணவரிடமே கொடுத்து 'படிச்சு ஒரு பக்கம் எழுதிக் கொடு' என்பார்கள். அதைவிட, பட்டம் வாங்கிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஆன, தொடர்ந்து எழுதிக்கொண்டிருக்கிற, உங்கள் பல்கலைக்கழகம் கேட்கும் பதவித் தகுதிக்கு இப்போதுதான் வந்து சேர்ந்த ஒருவர் நன்றாகப் படிப்பார். படித்ததைக் காட்டிக்கொள்ளும் ஆசையும் அவருக்கு இருக்கும், நமக்கு அது நல்லதுதான். ஓய்வு பெற்றவர்களிடம் நேரம் இருக்கிறது, விதி இடம் தந்தால் ஒன்றிரண்டு பேரைச் சேருங்கள்.

இனி உங்கள் பயம். நான்காம் இயல் மறுக்கிற அந்தப் பேராசிரியரைப் போடலாமா? போடலாம், ஒரு நிபந்தனையோடு. அவர் மற்றவர்களோடு எழுத்தில் எப்படிச் சண்டை போடுகிறார் என்று பாருங்கள். அவர் எழுதிய நூல் மதிப்புரைகள் இரண்டைத் தேடிப் படியுங்கள். மாற்றுக் கருத்துக்காரரின் வாதத்தை ஒழுங்காகச் சொல்லிவிட்டு அப்புறம் மறுக்கிறாரா, அல்லது 'அரைகுறைகள்' என்று ஆரம்பிக்கிறாரா? முதல் வகை என்றால் அவரைவிட நல்ல தேர்வாளர் உங்களுக்குக் கிடைக்க மாட்டார், அந்த நான்காம் இயலை உலகத்திலேயே கவனமாகப் படிக்கப்போகிறவர் அவர்தான். இரண்டாவது வகை என்றால் வேண்டாம். அதைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்ல முடியாது. அவர் நிராகரித்தால் எல்லாம் முடிந்தது என்றும் பயப்படாதீர்கள், ஒருவர் மட்டும் நிராகரித்தால் மாற்றுத் தேர்வாளருக்குப் போகும் என்று மேலே சொன்னேன். ஆனால் அவர் பெயரை எழுதுமுன் நான்காம் இயலை நீங்கள் இன்னொரு தடவை படியுங்கள். அவர் சொன்னதை ஆய்வாளர் சரியாக எடுத்துச் சொல்லியிருக்கிறாரா, அவருடைய பழைய கட்டுரையை மட்டும் பார்த்துவிட்டு அவரே பின்னால் மாற்றிக்கொண்ட கருத்தைத் தவறவிட்டிருக்கிறாரா? அவருக்குக் கோபம் வந்தால் மறுத்ததற்காக வராது, தான் சொல்லாததை மறுத்திருந்தால்தான் வரும். அது நியாயமான கோபம்.

வெளிநாட்டுத் தேர்வாளர். மானியக் குழு 'முடிந்த இடத்தில்' என்றுதான் சொல்கிறது. உங்கள் பல்கலைக்கழகம் கட்டாயமாக்கியிருக்கிறதா என்று பாருங்கள். கட்டாயம் என்றால் நம் ஆட்கள் வழக்கமாகச் செய்வது, ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு துறையில் இருக்கிற தமிழ்ப் பெயர் கொண்ட ஒருவரைப் பிடிப்பது. தமிழ் வீட்டில் பேசுவார், வேலை பார்ப்பது வேறு துறையில். அவர் கல்வெட்டு ஆய்வேட்டை என்ன செய்வார் பாவம். உங்கள் தலைப்புக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது இலங்கையை. அங்கே வன்னியிலும் மன்னாரிலும் குளங்கள்தான் வரலாறே, கட்டுக்கரைக் குளத்தைப் பார்த்து வளர்ந்தவருக்கு மடையும் வாய்க்காலும் விளக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணம், பேராதனை, கிழக்குப் பல்கலைக்கழகங்களில் வரலாறும் தமிழும் பார்க்கிறவர்கள் ஆய்வேட்டைத் தமிழிலேயே படித்துத் தமிழிலேயே அறிக்கை எழுத முடியும். 'இலங்கையெல்லாம் வெளிநாடா' என்று அலுவலகத்தில் யாராவது உதட்டைப் பிதுக்கினால் விதியைக் காட்டுங்கள், இந்தியாவுக்கு வெளியே என்றுதான் இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது, அங்கும் பார்க்கலாம். ஐரோப்பாவில் ஹாம்பர்க், பாரிஸ் போன்ற இடங்களில் பழந்தமிழும் கல்வெட்டும் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள், ஜப்பானில் நொபொரு கராஷிமா வளர்த்த கல்வெட்டு ஆய்வு மரபும் உண்டு. இவர்களுக்கு எழுதுமுன் ஒன்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்: முந்நூறு பக்கம் தற்காலத் தமிழ் உரைநடையை அவர் படிப்பாரா? கல்வெட்டுத் தமிழைப் படிக்கிற சிலருக்கு நம்முடைய ஆய்வேட்டுத் தமிழ் கடினம் (நமக்கே கடினம்தான்). ஆங்கிலச் சுருக்கத்தைப் படித்து அறிக்கை எழுதினால் அவர் மதிப்பிட்டது சுருக்கத்தை மட்டும். புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனங்களில் இருக்கும் வெளிநாட்டு அறிஞர்களை வெளிநாட்டுத் தேர்வாளராகக் கணக்கில் எடுப்பார்களா என்பதை மட்டும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், முகவரி இந்தியாவில் இருக்கிறதே.

ஒப்புதல் கேட்கலாமா? சில பல்கலைக்கழகங்கள் ஒப்புதல் கடிதத்தோடு பட்டியல் கேட்கின்றன, சில இடங்களில் தொடர்பு கொள்வதே தவறு. முதல் வகை என்றால் நீங்கள்தான் எழுத வேண்டும், ஆய்வாளர் எழுதக் கூடாது, அதுவும் சுருக்கமாக: 'இன்ன தலைப்பில், தமிழில், ஏறத்தாழ இத்தனை பக்கத்தில் ஓர் ஆய்வேடு இன்ன மாதம் மதிப்பீட்டுக்கு வரக்கூடும். தேர்வாளர் பட்டியலில் தங்கள் பெயரைச் சேர்க்க ஒப்புதல் வேண்டுகிறேன். பட்டியலில் இருப்பதாலேயே தங்களுக்கு வரும் என்று இல்லை. கிடைத்தால் இரண்டு மாதத்துக்குள் அறிக்கை தர இயலுமா? ஆய்வாளரோடு தங்களுக்குத் தொடர்பு ஏதும் இருந்தால் தெரிவியுங்கள்.' இவ்வளவு போதும். ஆய்வேடு எவ்வளவு அருமை என்று ஒரு வார்த்தை எழுதாதீர்கள்.

படிவத்தை நிரப்பும்போது சின்ன விஷயங்களில்தான் மாதக்கணக்கில் காலம் போகிறது. ஆள் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறியிருப்பார், நீங்கள் பழைய கட்டுரையின் அடியில் இருந்த முகவரியை எழுதியிருப்பீர்கள். ஆய்வேடு அங்கே போய் யாரோ ஒருவர் அலமாரியில் உட்கார்ந்துவிடும். துறையின் இணையப் பக்கத்தில் இன்றைய பதவி, நிறுவன ஈமெயில், செல்பேசி எண் மூன்றையும் சரிபாருங்கள். நவம்பர், ஏப்ரல் மாதங்களில் நம்மூர்ப் பேராசிரியர்கள் விடைத்தாள் திருத்தும் முகாமில் இருப்பார்கள், ஆகஸ்டில் ஐரோப்பாவில் யாரும் பதில் போட மாட்டார்கள். ஆய்வேடு கொடுத்த நாளில் இருந்து ஆறு மாதத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும் என்று விதி சொன்னாலும், ரிப்போர்ட் வரவில்லை என்றால் நினைவூட்ட வேண்டியது தேர்வாணையர் அலுவலகம். இரண்டு மாதம் தாண்டினால் அவர்களுக்கு முறைப்படி ஒரு கடிதம் எழுதுங்கள். தேர்வாளருக்கு நீங்களோ ஆய்வாளரோ போன் போடாதீர்கள், 'சார் ஒரு வார்த்தை' என்று கூட வேண்டாம்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும்: வாய்மொழித் தேர்வுக்கு வருகிறவரின் பயணப்படியையும் மதிப்பூதியத்தையும் பல்கலைக்கழகம் தருகிறது. கார், லாட்ஜ், பட்டு வேட்டி, வந்திருக்கிற அத்தனை பேருக்கும் மதியச் சாப்பாடு என்று ஆய்வாளர் தலையில் விழுகிறதே, அதை உங்கள் முதல் ஆய்வாளரிடமே நிறுத்திவிடுங்கள். நெறியாளரும் புறத்தேர்வாளரில் ஒருவரும் இருந்தால் போதும், இணையவழியிலும் நடத்தலாம் என்று விதியே இடம் தருகிறது. தூரத்தில் இருக்கும் நல்ல தேர்வாளரைச் செலவுக்குப் பயந்து விட்டுவிட வேண்டியதில்லை.

மூத்தவரிடம் என்ன சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை என்றாலும், கடிதத்தில் அந்தச் சங்கடம்தான் பெரிதாகத் தெரிகிறது. சண்டை வேண்டாம். பட்டியல் ரகசியம் என்று விதியிலேயே இருக்கும். தட்டச்சு செய்யக்கூட யாரிடமும் கொடுக்காமல் நீங்களே அடித்து, உறையில் ஒட்டி, கல்லூரி வழியாகத்தான் போக வேண்டும் என்றால் முதல்வரிடம் நேராகக் கொடுத்து, கொடுத்த தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 'யார் யாரைப் போட்டீங்க?' என்று அவர் கேட்டால், 'ரகசியக் கவரில் அனுப்பியாச்சு சார், சொல்லக் கூடாதாம்' என்று சொல்லுங்கள். அதற்கு மேல் கேட்கிறவர் என்றால், அவர் சொன்ன பெயர்களை நீங்கள் ஏன் போடவில்லை என்பதற்கு அதுவே காரணம்.